மாமல்லபுரத்துக்கு ரயில் கிடையாது

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. எனக்குத் தெரிந்த பத்திரிகை ஆசிரியர் ஒருவர் பொழுதுபோக்குச் சிறப்பிதழ் கொண்டுவருகிறார். தபால்தலை, நாணயம், மீன்தொட்டி எல்லாவற்றுக்கும் ஆள் பிடித்துவிட்டார். மிச்சம் இருந்தது மாதிரி ரயில். "அகில இந்திய மாதிரி ரயில் சங்கத்தில் சேர்வதால் பயன் உண்டா? ரெண்டு பக்கம் போதும். உண்டு, இல்லை என்று தெளிவாக முடித்துவிடுங்கள்" என்றார். ரயிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது தாமதமாக வரும் என்பதுதான். ஒப்புக்கொண்டேன்.

முதல் வரி இப்படி வந்தது:

பொழுதுபோக்கு என்பது மனிதனின்

மனிதனின் என்ன? ஒரு வாரம் யோசித்தேன். மனிதன் பிடிபடவில்லை. சரி, ஒரு மனிதனைச் செய்துவிடுவோம், சேரலாமா வேண்டாமா என்று அவன் தவிக்கட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். சோம்பேறிகளுக்குக் கதைதான் தோது.

2

ஜானகிராமன் செங்கல்பட்டு தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. வருடம் எழுபத்துநான்கு. ஸ்டேஷனுக்குப் பின்னால் வாடகை வீடு. அதன் பின்னறை முழுக்கப் பலகை போட்டு, மேலே செங்கல்பட்டு ஜங்ஷனையே கட்டி வைத்திருக்கிறான். தண்டவாளம், பழைய குடைக்கம்பி. குறுக்குக் கட்டை, தீக்குச்சி. பெட்டிகள் பிஸ்கட் டின் தகரம், சுவிட்சைப் போட்டால் ஓடும். கொளவாய் ஏரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அது அவன் மனைவி வச்சலாவுடையது. கண்ணாடி போன நாளிலிருந்து வச்சலா ஏரிக்கரையில்தான் தலைவாருகிறாள்.

அந்த அறையில் ஒரே சட்டம். வெளியே நிஜ ரயில் கூவினால்தான் உள்ளே ரயில் கிளம்பும். காஞ்சிபுரம் வண்டி தாமதம் என்றால் இங்கேயும் தாமதம்.*

(* அந்த மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தபோது ஜானகிராமனின் ரயில்களும் ஓடவில்லை. "அவுங்க போனஸ் கேக்கறாங்க, சரி. உங்க வண்டி இன்னா கேக்குது?" என்றாள் வச்சலா. அவன் தினமும் தூசி மட்டும் துடைத்து வைத்தான்.)

ஆபீஸில் அவனுக்குப் பெயர் பொம்மை ஜானகி. மேலதிகாரியும் அப்படித்தான் கூப்பிடுவார், பிரியமாக. ஒருநாள் பழைய பேப்பர் கடையில் அந்தச் சங்கத்தின் இதழ் ஒன்று அவன் கையில் அகப்பட்டது. உள்ளே ஒரு படம். பூனாக்காரர் ஒருவர், மூக்குக்கண்ணாடி போட்டவர், தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு சின்னச் சுரங்கத்துக்குள் எட்டிப் பார்க்கிறார்.

"யாரு இது?" என்றாள் வச்சலா.

"தெரியாது" என்றான் ஜானகிராமன். ஆனால் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த நாட்டில் நம்மைப்போல இன்னொருத்தன் இருக்கிறான் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

3

[கட்டுரைக்கு வேண்டிய பகுதி. சங்கத்தில் சேர்ந்தால் காலாண்டிதழ் வரும். சட்டையில் குத்திக்கொள்ள வில்லை தருவார்கள். வருடாந்தர மாநாட்டில் பம்பாயில் சாப்பாடு. மற்ற உறுப்பினர்களின் முகவரி கிடைக்கும், கடிதம் போடலாம், அவர்கள் சிரிக்க மாட்டார்கள்.]

கடைசி வாக்கியத்தை எழுதியது நான் இல்லை. ஜானகிராமன்தான் நடுவில் வந்து சொருகிவிட்டுப் போனான். ஆசிரியர் அடித்துவிடுவார். நான் அடிக்கவில்லை.

4

இங்கேதான் தாண்டவராயன் வந்தான். அவனை நான் கூப்பிடவில்லை.

மாமல்லபுரம் பக்கம் ஒரு கடற்கரைக் குப்பத்துக்காரன். பிடிபட்ட மீனை ஐஸ் போட்டு லாரியில் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குக் கொண்டுவருவான். ஏதோ பட்டா விஷயமாகத் தாலுகா ஆபீஸுக்கு வந்தவன், பேச்சுவாக்கில் ஜானகிராமன் வீடு வரைக்கும் வந்துவிட்டான். பலகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். சிரிக்கவில்லை.

"அல்லாம் கீது அண்ணாத்த. எங்க ஊரு எங்க?"

"உங்க ஊருக்கு ரயிலே கிடையாதேப்பா."

"அது கவுருமெண்டு போடல. நீ ஏன் போடல?"

ஜானகிராமனுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. (எனக்கும் தெரியவில்லை. அதனால்தான் தாண்டவராயனைக் கதையில் வைத்துக்கொண்டேன்.) இரண்டு பேருமாகக் குடை தேடி அலைந்தார்கள். திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு பாதை போட்டார்கள். கடைசி நிலையத்தில் கடற்கரை மணலையே கொட்டினார்கள்.

அப்புறம் ஒரு சிக்கல் வந்தது. இல்லாத ரயில் எப்போது கூவும்? தாண்டவராயன்தான் தீர்த்து வைத்தான். "மீன் ரயில்தான இது? வலைல பாடு இருந்தா ஓட்டு. பாடு இல்லியா, நிறுத்து." அன்றிலிருந்து அவன் மார்க்கெட்டில் மீனை இறக்கிவிட்டு வந்து, "இன்னிக்கு வஞ்சரம், ஓட்டு" என்பான். ரயில் ஓடும். காற்று எதிராக இருந்து கட்டுமரங்கள் வெறுமனே திரும்பிய நாளில் வாசலிலிருந்தே கையை விரிப்பான். ஓடாது. ரயிலைவிட அந்தக் கையை எதிர்பார்த்துத்தான் ஜானகிராமன் ஆபீஸிலிருந்து வேகமாக வீட்டுக்கு வந்தான். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. நான் சொல்லிவிட்டேன்.

5

சங்கத்துக்கு விண்ணப்பம் போயிற்று. சென்னையிலிருந்து ஆய்வாளர் வந்து பார்த்துச் சரி சொன்னால்தான் உறுப்பினர். விண்ணப்பத்தில் எழுதிய எல்லாப் பாதையும் அவர் கண்ணெதிரில் ஓட வேண்டும். ஜானகிராமன், இருந்த ஆசையில், மாமல்லபுரம் பாதை தினமும் ஓடுகிறது என்று எழுதிவிட்டான்.

ஆய்வாளர் கங்காதரன். ஓய்வுபெற்ற எஞ்சினியர். நல்ல மனிதர், நான் கெட்டவராக்க முயன்று தோற்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார், செருப்பை வாசலில் விட்டார், வச்சலா கொடுத்த காப்பியைப் பாராட்டினார், எஃகு ஸ்கேலை எடுத்து தண்டவாள இடைவெளியை அளந்தார். குடைக்கம்பி என்று தெரிந்ததும் புன்னகைத்தார். "நான் சைக்கிள் ஆரக்கம்பியில பண்ணினேன்" என்றார். ஜானகிராமனுக்கு அவர் காலில் விழலாம்போல இருந்தது.

வெளியே வண்டி கூவியதும் விழுப்புரம் ஓடியது. காஞ்சிபுரம் ஓடியது. அப்போது தாண்டவராயன் உள்ளே வந்தான். தலையில் ஈரம். லாரி இல்லை, பஸ்ஸில் வந்திருந்தான்.

"இப்போ அந்த மாமல்லபுரம் லைனை ஓட்டிக் காட்டுங்க, மிஸ்டர் ஜானகிராமன்."

"இன்னிக்கு அது ஓடாது சார்" என்றான் தாண்டவராயன்.

"ஏன், ரிப்பேரா?"

"ரிப்பேரு இல்ல சார். ஊர்ல சாவு. ஆதியம்மான்னு, எங்க சித்தி. சாவு வுழுந்தா ஒரு மரமும் கடல்ல எறக்க மாட்டோம். பாடு இல்ல."

கங்காதரன் வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு ஜானகிராமன் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "ஆனா இது மாடல்தானே?" என்றார். "தினமும் ஓடும்னு எழுதியிருக்கீங்க. ஒருதரம் ஓட்டிடுங்க, நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடறேன். இந்தப் பக்கம் மறுபடி எப்ப வருவேனோ."

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ. ஜானகிராமன் ஓட்டுகிறான். ரயில் அருமையாகப் போகிறது. கையெழுத்து விழுகிறது. "நல்லாத்தான் ஓடுது" என்று தாண்டவராயன் காப்பி குடித்துவிட்டுப் போகிறான். மறுநாளும் வருகிறான், அடுத்த நாளும். எதுவும் மாறவில்லை. மீன் இருந்ததா இல்லையா என்று மட்டும் அவன் அப்புறம் சொல்வதில்லை. ஜானகிராமன் இஷ்டப்பட்ட நேரத்தில் ரயிலை ஓட்டிக்கொள்கிறான்.

ஆ. ஓட்டவில்லை. கங்காதரன் கைகுலுக்கிவிட்டுப் போகிறார். பூனாக்காரரின் முகவரி வருவதே இல்லை. தாண்டவராயனைப் பார்க்கும்போதெல்லாம் ஜானகிராமனுக்குள் ஒரு சின்ன எரிச்சல். அதற்காகத் தன்மேலேயே கோபம். ஆபீஸில் பொம்மை ஜானகி பொம்மை ஜானகியாகவே ஓய்வுபெறுகிறான்.

இ. கங்காதரன் நெகிழ்ந்துபோய், "இதுதான் நிஜமான ரயில்வே!" என்று கையெழுத்துப் போ

இ-யை அடித்துவிட்டேன். உங்களுக்கு அதுதான் வேண்டும் என்று தெரியும். எனக்கும் அதுதான் வேண்டும். ஆனால் அவர் மார்ச்சுக்குள் வேலூரிலும் சேலத்திலும் பார்த்து முடிக்க வேண்டும், பையில் விதிப் புத்தகம் இருக்கிறது, விதியை வளைத்தால் நேற்று அவர் முடியாது என்று சொல்லிவிட்டு வந்த திண்டிவனத்துக்காரருக்கு என்ன சொல்வார்?

7

ஆசிரியர் ஆள் அனுப்பிவிட்டார், பிரதி வேண்டுமாம். உண்டு, இல்லை. இரண்டில் ஒன்று.

கங்காதரன் பேனா மூடியைத் திறந்தார். வச்சலா கதவருகில் நின்று புருஷனைப் பார்த்தாள். இந்த மனிதன் இவ்வளவு ஆசைப்பட்டு அவள் பார்த்ததில்லை, கல்யாணத்தன்றுகூட. அவன் விரல் சுவிட்சின்மேல் இருந்தது.

தாண்டவராயன் அதைப் பார்த்துவிட்டான்.

"ஓட்டிக்கோ அண்ணாத்த" என்றான். குரலில் கோபம் எதுவும் இல்லை. "உனுக்கு இது எத்தினி நாளு ஆசைன்னு எனுக்குத் தெரியாதா. நா வெளிய நிக்கறேன்."

கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போய் வாசலில் நின்றான்.

இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை. சுவிட்சை உங்களிடம் தருகிறேன், நீங்கள் பார்த்துச் செய்யுங்கள். ஒரு தகவல் மட்டும் சொல்லிவிடுகிறேன்: அது மெல்லிய பலகைக் கதவு. குடைக்கம்பியில் தகரம் ஓடினால் வாசல்வரைக்கும் கேட்கும்.