விசிலுக்கு முன்னால்

பால் ஹாக்கி என்கிற பந்து ஹாக்கியில் நடுவராக இருப்பவனுக்கு நண்பர்கள் இருக்கக் கூடாது என்று எந்த விதிப் புத்தகத்திலும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு சீசன் முழுக்க விசில் பிடித்துப் பாருங்கள், தானாகவே நடந்துவிடும். வாரநாட்களில் நான் லிப்ட் மெக்கானிக். லிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்வரை என்னை ஒருத்தருக்கும் நினைவிருக்காது. நின்றுவிட்டால்தான் என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மைதானத்திலும் அதே கதைதான் என்பதால் எனக்குப் பெரிதாக வித்தியாசம் தெரிவதில்லை.

ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐஸ் ஹாக்கியிலிருந்து பனியை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது இதுதான். சறுக்குவதற்குப் பதில் சாதாரண ஷூவோடு ஓடுவார்கள். ஆரஞ்சு நிறத்தில் கெட்டியான பிளாஸ்டிக் பந்து. சுற்றிலும் இடுப்பளவு பலகைத் தடுப்பு. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர் ஓட, ஆறாவது ஆளான கோலி மெத்தை மெத்தையாகக் கட்டிக்கொண்டு கோலில் நிற்பார். ஸ்டிக்கைத் தோளுக்கு மேல் ஓங்கினாலோ, காலை வாரிவிட்டாலோ இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அப்படி வெளியே அனுப்பப்பட்டவர்களில் தன்மேல் தப்பு என்று ஒப்புக்கொண்ட ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

எங்கள் சங்கத்தில் நடுவர்கள் மொத்தமே மூன்று பேர். என்னோடு வழக்கமாக ஊதுகிறவர் ஒரு பல் டாக்டர். ஸ்டிக் உயர்ந்தால் உனக்குத்தானேப்பா வியாபாரம், நீ எதற்குத் தடுக்கிறாய் என்று கேட்பேன். சிரிப்பார். நல்ல மனுஷன், ஆனால் சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடு, ஆட்டம் முடிந்ததும் பறந்துவிடுவார். எப்போதோ ஒரு முறை தோற்ற அணிக்காரர்கள் தண்ணீர் பாட்டிலை வீசியதிலிருந்து நடுவர்கள் பின்வாசல் வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்று வழக்கமாகிவிட்டது. அந்த வாசல் குப்பைத் தொட்டிகள் பக்கம் திறக்கும். அங்கிருந்து பஸ் நிறுத்தம்வரை சுவரை ஒட்டி நடந்தால் ஒரு முகத்தைக்கூடப் பார்க்காமல் வீடு சேரலாம். வீட்டிலும் முகம் எதுவும் இல்லை. இதை வருத்தமாகச் சொல்லக் கூடாது என்று இருந்தேன், வருத்தமாகத்தான் வருகிறது.

இந்த சீசனில் பெண்களும் ஆண்களும் கலந்து ஆடும் அணிகளைச் சேர்த்தார்கள். முதல் வாரம் ஸ்டிக்குகளைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். முனை அளவுக்கு மேல் வளைந்திருக்கிறதா, உடைந்து கூர்மையாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பது என் வேலை. ஒரு ஸ்டிக் நீண்டது. பிடித்திருந்த கையைப் பார்த்தேன். கட்டைவிரல் அச்சு அசல் என்னுடையது மாதிரியே இருந்தது. ஹெல்மெட் கம்பிக்குப் பின்னால் என் மகள் நின்றிருந்தாள்.

அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே நானும் அவள் அம்மாவும் பிரிந்துவிட்டோம். அதற்குப் பிறகு பிறந்தநாளுக்கு ஒரு போன், மற்ற நாட்களில் மௌனம் என்று ஓடிவிட்டது. இப்போது அவள் ஒரு பிளம்பர் கேப்டனாக இருக்கும் அணியில் ஆடுகிறாள். அந்த பிளம்பரை எல்லாரும் மொட்டை என்றுதான் கூப்பிடுவார்கள், அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார். அன்று மகள், "ஸ்டிக் ஓகேவா ரெஃப்ரீ?" என்று மட்டும் கேட்டாள். ஓகே என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

சீசன் முழுக்க எங்கள் பேச்சு அந்த அளவில்தான் இருந்தது. பந்து வெளியே போய்விட்டதா, எந்தப் புள்ளியில் வைத்துத் தொடங்குவது, இப்படி. ஒரு தடவை காலை வாரியதற்காக அவளை இரண்டு நிமிடம் வெளியே அனுப்பினேன். போகும்போது வாய்க்குள் ஏதோ முனகினாள். அவள் அம்மா முனகுவது மாதிரியே இருந்தது. நான் அந்த முனகலை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்துக்கொண்டிருந்தேன். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் உண்மை அதுதான்.

அரையிறுதி முடிந்த அன்று நான் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். நடுவர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, பைனல் முடிஞ்சதும் வழக்கம்போல ஓடிடாதீங்க. சேர்ந்து சாப்பிடப் போலாம்."

அவ்வளவுதான். சரி என்று நான் சொல்வதற்குள் போய்விட்டாள். அந்த வாரம் எந்தக் கட்டிடத்தில் எந்த லிப்டைப் பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு, திருப்தி இல்லாமல் இன்னொன்றையும் போட்டு, கடைசியில் முதல் சட்டையையே பைக்குள் வைத்தேன்.

மகள் ஆடும் பைனலுக்கு அப்பா ஊதலாமா என்று நியாயமாகக் கேட்பீர்கள். நானே கேட்டேன். மூன்றாவது நடுவர் கால்விரலை உடைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தார், வேறு ஆள் இல்லை. இரண்டு கேப்டன்களும் சம்மதித்தால் போதும் என்றார் செயலாளர். எதிரணிக் கேப்டன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். தாராளமாக ஊதட்டும், இந்த ஆள் மகளுக்கு எதிராகத்தான் ஊதுவார், எங்களுக்கு லாபம் என்றாராம். கேட்டு எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

இங்கே ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். பந்து நடுவரின் கண்ணிலிருந்து மறைந்துவிட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். கோலி அதன்மேல் விழுந்து கிடப்பார், ஆளுக்கு ஆள் பந்தைத் தேடி ஸ்டிக்கால் குத்த ஆரம்பித்தால் அவர் விரல் போய்விடும். அதனால் வைத்த விதி. இதில் முக்கியமான விஷயம், ஆட்டம் நிற்பது விசில் சத்தம் கேட்கும்போது இல்லை. நிறுத்த வேண்டும் என்று நடுவர் முடிவுசெய்தபோதே நின்றுவிட்டது. கையைத் தூக்கி, விசிலை வாயில் வைத்து, மூச்சை இழுத்து ஊதுவதற்குள் பந்து கோலுக்குள் போனால் அது கோல் இல்லை. ஊர் முழுக்கப் பார்த்திருந்தாலும் இல்லை. நடுவரின் மனசுக்குள் நடந்த அந்த முடிவுக்குச் சாட்சி என்று யாரும் கிடையாது. சாட்சி இல்லாத உண்மையைத் தூக்கிக்கொண்டு நிற்பது எவ்வளவு சங்கடம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பைனலில் மகளின் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. கடைசி நிமிடம். அவர்கள் கோலியையும் வெளியே எடுத்துவிட்டு ஓடுவதற்கு இன்னொரு ஆளை இறக்கிவிட்டார்கள். மொட்டை அடித்த பந்து எதிரணி கோலியின் நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்தது. அவர் அதன்மேல் குப்புற விழுந்தார். எனக்குப் பந்து தெரியவில்லை. முடிந்தது என்று மனசில் பட்டது, விசிலை வாய்க்குக் கொண்டுபோனேன். அதற்குள் அவர் முழங்காலுக்கு அடியிலிருந்து ஆரஞ்சு நிறம் எட்டிப் பார்த்தது, ஒரு ஸ்டிக் அதைத் தட்டியது, பந்து வலைக்குள் போனது. அதற்குப் பிறகுதான் என் விசில் கேட்டது. தட்டியவள் என் மகள்.

ஒரு பக்கம் குதித்தார்கள், இன்னொரு பக்கம் தலையைத் தொங்கப் போட்டார்கள். எல்லாருக்குமே அது கோல்தான். என் விசிலைக்கூட கோலுக்கான விசில் என்றே நினைத்துவிட்டார்கள். நான் சும்மா இருந்திருந்தால் போதும். மகள் சந்தோஷமாக இருந்திருப்பாள், சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்து அந்த கோலைப் பற்றியே பேசியிருப்பாள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, கோல் இல்லை என்று காட்டினேன்.

பல் டாக்டர் ஓடி வந்தார். "அண்ணே, நீங்க லேட்டாத்தானே ஊதினீங்க?" என்று காதோடு கேட்டார். முன்பே முடிவுசெய்துவிட்டேன் என்றேன். என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்காமல் நேரம் பார்ப்பவரிடம் போனார். மொட்டை வந்து கத்தினார். கேப்டன் மட்டும்தான் நடுவரிடம் பேசலாம் என்பது விதி, அதனால் அவர் கத்தலாம். மகள் அவருக்குப் பின்னால் நின்றாள். வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். அவள் கேப்டன் இல்லை. அந்த மூடிய வாயில் என்னென்ன திட்டு இருந்திருக்கும் என்று நானே நிரப்பிக்கொண்டேன். மிச்சமிருந்த ஆட்டம் அப்படியே முடிந்தது, அவர்கள் தோற்றார்கள்.

அறையில் சட்டை மாற்றும்போது பல் டாக்டர் நிலைமையை லேசாக்கப் பார்த்தார். "என்னண்ணே, இஸ்திரி சட்டையெல்லாம்? பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"பொண்ணைத்தான் பாக்கப் போறேன்" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் தோளைத் தட்டினார்.

அன்று நான் பின்வாசல் வழியாகப் போகவில்லை. குப்பைத் தொட்டிகளுக்கு நடுவிலிருந்து மகளோடு சாப்பிடப் போக மனசு வரவில்லை. எல்லாரையும்போல முன்வாசலில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஆட்கள் வெளியே வந்தார்கள். சிலர் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள், சிலர் நான் கேட்க வேண்டும் என்றே பேசினார்கள். மொட்டை என்னைச் சுற்றிக்கொண்டு போனார். அவர் அணியில் எல்லாரும் வந்தார்கள், மகள் வரவில்லை. காவலாளி கதவின் ஒரு பாதியைச் சாத்தினார். எனக்குத் தெரியாமல் முன்பே போயிருப்பாள் என்று தோன்றியது. போனை எடுத்தேன். கூப்பிட்டால், இல்லப்பா, இன்னொரு நாள் பார்க்கலாம் என்பாள். அந்தக் குரலை நினைத்துப் பார்த்ததும் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

பகல் நேரத்து பஸ், பாதி காலி. குடும்பம் குடும்பமாக எங்கிருந்தோ எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னல் ஓரமாக, பையை மடியில் வைத்துக்கொண்டு, இஸ்திரி கலையாமல் உட்கார்ந்திருந்தேன். யாருக்காகக் கலையாமல் இருக்க வேண்டும் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. அப்போது போன் அடித்தது.

"எங்கப்பா இருக்கீங்க?"

"பஸ்ல."

"பஸ்லயா? நான் பின்வாசல்ல நிக்கிறேன். ரெஃப்ரீ எல்லாம் இந்த வழியாத்தானே வருவாங்க. டாக்டர் இப்பதான் ஸ்கோர் ஷீட்டை முடிச்சுக் குடுத்துட்டு வந்து, நீங்க முன்னாடியே கிளம்பிட்டீங்கன்னு சொல்றார்."

முன்வாசலில் நின்றதையும், எல்லாரும் வந்து அவள் மட்டும் வராததையும் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். "அந்த கோலை நான் குடுக்கல. அந்தக் கோபத்துல நீ போயிருப்பன்னு நினைச்சேன்மா."

"அது கோல் இல்லப்பா. நான் தட்டறதுக்கு முன்னாடியே நீங்க விசிலை வாய்ல வச்சுட்டீங்க. நான் பாத்தேனே. அங்கயே சொல்லியிருப்பேன், கேப்டன் தவிர யாரும் பேசக் கூடாதே. உள்ள வந்து டீம்ல எல்லார்கிட்டயும் சொன்னேன்."

சாட்சி இருந்திருக்கிறது. ஹெல்மெட் கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் மாறியது.

"கோலுக்கெல்லாம் எனக்குக் கோபம் இல்ல. ஒரு போன் பண்ணலை பாருங்க, அதான். அன்னைக்கு அம்மா கோச்சுக்கிட்டு பெரியம்மா வீட்டுக்குப் போனப்பவும் ரெண்டு நாள்ல வரணும்னுதான் போனாங்க. நீங்க கூப்பிடுவீங்கன்னு பாத்துட்டே இருந்தாங்க. நீங்க அதுக்குள்ள மனசுல முடிச்சுட்டீங்க. எங்க யாருக்கும் எந்தச் சத்தமும் கேக்கலப்பா."

பஸ் ஒரு சிக்னலில் நின்று மறுபடி நகர்ந்தது. சரி நான் கிளம்புகிறேன், பார்க்கலாம் என்றாள்.

என்னிடம் முறையிட்டவர்கள் எத்தனையோ பேர். கையைப் பிசைந்துகொண்டு, இன்னொரு தரம் யோசியுங்கள் ரெஃப்ரீ என்பார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் பந்தை வைப்பேன். அப்படிப்பட்ட நான்தான் பஸ்ஸில் எழுந்து நின்று, பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கும்படி பேசினேன்.

"கெளம்பாதம்மா. நான் தப்பா நினைச்சுட்டேன். அங்கயே நில்லு, வரேன்."

அவள் சரி என்று சொல்லவில்லை. போனையும் வைக்கவில்லை. மணியை அழுத்தினேன். நிறுத்தம் வந்ததும் இறங்கி, வந்த வழியே திரும்பி ஓடினேன். லிப்டுக்கு அடியில் குனிந்து குனிந்து கெட்டுப்போன முட்டி, நாலு எட்டிலேயே கத்த ஆரம்பித்தது. பை முதுகில் அடித்தது, சட்டை வியர்வையில் ஒட்டியது. போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம் குப்பை வண்டி ஒன்று ரிவர்ஸில் வரும் சத்தம் கேட்டது. அவள் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறாள் என்று தெரிந்தது.

"எங்க வந்துட்டீங்க?" என்று கேட்டாள்.

"பேக்கரி முனை."

"மூச்சு வாங்குது உங்களுக்கு. ஓடாதீங்கப்பா, நடந்தே வாங்க. நிக்கிறேன்."

நான் எங்கே கேட்டேன், ஓடிக்கொண்டேதான் இருந்தேன்.