பின் சீட்டில் அறுபத்திரண்டு கிலோ

கார்களை ஓட்டிச் சோதிக்கும் அந்தத் தடத்தில் ஒரு வழக்கம். ஓட்டுபவர் ஹெல்மெட்டோடு எடைமேடையில் ஏறி நிற்க வேண்டும். எடையைப் பலகையில் எழுதுவார்கள். இன்று ஓட்ட வந்திருக்கும் அக்காவின் எடைக்கு மேலே, முன்பு அங்கே ஓட்டிய தம்பியின் எடை இன்னும் இருந்தது: அறுபத்திரண்டு கிலோ. அவன் செத்து இரண்டு மாதமாகியும் அதைத் துடைக்க யாருக்கும் கை வரவில்லை.

வேகம் கூடினால் காரின் மேல் வழுக்கிப் போகும் காற்று பின்பக்கத்தைத் தூக்கும். அதை அமுக்கத்தான் டிக்கி மேல் ஸ்பாய்லர் வைப்பது. அழகைக் கெடுக்கிறதாம், கம்பெனி கழற்றிவிட்டது. வளைவில் கார் சுழன்று தம்பி செத்ததும், பையனுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று கைகழுவியும்விட்டது. வாய் கூசாமல் சொன்னார்கள்! அந்தப் பழியைப் போக்கத்தான் அக்கா அதே மாதிரிக் காரில் ஏறினாள்.

நூற்று அறுபது கிலோமீட்டர் வேகத்தில், பின் சக்கரங்களின் மேலிருந்த பாரம் ஸ்டீயரிங் பக்கத்துத் திரையில் மளமளவென்று குறைந்தது. வளைவு நெருங்கும்போது பின் சீட்டில் பெல்ட் மாட்டும் சத்தம் கேட்டது. பாரம் ஒரேயடியாக அறுபத்திரண்டு கிலோ ஏறியது. கார் சொன்ன பேச்சைக் கேட்டு வளைவைத் தாண்டியது. கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் யாருமில்லை.

இரண்டாவது ஓட்டத்திலும் அதேதான்.

வயர்லெஸ்ஸில் கம்பெனி இன்ஜினியர் உற்சாகமாகப் பேசினார். "பின்பக்கம் நல்லா உக்காருதும்மா. இன்னொரு தடவை இப்படியே வந்தா கையெழுத்துப் போட்டுடுவேன். கார் விற்பனைக்குப் போயிடும்."

மூன்றாவது ஓட்டம். வளைவுக்கு முன்னால் பெல்ட் சத்தம். அவள் திரும்பவில்லை.

"இறங்குடா."

பாரம் அசையவில்லை.

"எனக்கு ஒண்ணும் ஆகாது. நீ உக்காந்திருந்தா தப்பு உன்னோடதுன்னே ஆயிடும். நாளைக்கு இதை வாங்குறவனுக்குப் பின்னாடி யாரு உக்காருவா? அக்கா சொல்றேன்ல, இறங்கு."

பெல்ட் கழன்றது. எண் சரசரவென்று இறங்கியது. காரின் பின்பக்கம் தரையை மறந்து வெளியே வீசியது. இரண்டு சுற்றுச் சுற்றிப் புல்லில் போய் நின்றது.

"ஐயோ, பின்பக்கம் தூக்கிடுச்சே! அன்னைக்கும் இப்படித்தான்..." இன்ஜினியரின் குரல் பாதியில் நின்றது.

"எழுதிக்குங்க" என்றாள் அவள். அழுகையை அடக்க முடியவில்லை.

பிறகு வண்டியைத் திருப்பி, கொட்டகை வரை மெள்ள ஓட்டிவந்தாள். பின்னால் பெல்ட் மாட்டும் சத்தத்துக்காக வழியெல்லாம் காது கொடுத்துக்கொண்டே வந்தாள்.