கால் அங்குலம்

என் மகன் முத்துகிருஷ்ணன் மெட்ராஸ் துறைமுகத்தில் கடலுக்கு அடியில் போய் வேலை செய்கிறவன். கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டுவான், அறுந்த சங்கிலியைத் தேடி எடுப்பான். உத்திரமேரூர் ஏரியில் நீந்தப் பழகிய பயலுக்கு வந்த வாழ்வு. அவன் அம்மா ஜெயம்மாளின் கருமாதிக்கு வந்தவன், அப்புறம் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது.

போன ஐப்பசியில் மெட்ராஸ் பஸ் கண்டக்டர் சடையப்பன் என் லேத் பட்டறைக்கு ஒரு பார்சலைக் கொண்டுவந்தான். எங்கள் ஊரில் தபாலைவிட சடையப்பனைத்தான் நம்புவோம். மாத்திரையோ மல்லிகைப்பூவோ, அவன் கையில் கொடுத்தால் வந்து சேரும். அதனாலேயே எனக்கு அவன்மேல் கடுப்பு. இவன் ஒருவன் இல்லையென்றால் பெற்ற பிள்ளைகள் நேரில் வந்துதானே ஆகவேண்டும்?

"உம் புள்ள குடுத்தான்ணா. அர்ஜெண்டாம்."

"எப்போ வரானாம்?"

"அத்த எங்க கேக்கறது? நான் டிக்கெட் போட்டுக்கினு கீறேன், ஜன்னல் வழியா திணிச்சிட்டுப் பூட்டான்."

உள்ளே துருப்பிடிக்காத எஃகுப் பட்டையும் போல்ட்டுகளும் ஒரு வரைபடமும் இருந்தன. முதுகில் மாட்டுகிற காற்று சிலிண்டர் இரண்டை ஜோடியாகச் சேர்த்துப் பிடிக்க, மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு கிளாம்ப் வேண்டும். சிலிண்டர்களின் தலையை ஒரு பித்தளைக் குழாய் இணைக்குமாம். அது வளையாது. அதனால் ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு எட்டரை அங்குலம், மயிரிழை பிசகக்கூடாது. அடியில் எழுதியிருந்தான்: "நைனா, நீ செஞ்சாத்தான் சரியா இருக்கும்."

அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

முப்பது வருஷமாக போர்வெல் பைப்புக்குக் கிளாம்ப் செய்கிறவன் நான். வேப்பங்கட்டையில் சிலிண்டர் பருமனுக்கு இரண்டு உருளை கடைந்து, எட்டரை அங்குலம் அளந்து பலகையில் அறைந்தேன். அதைச் சுற்றிப் பட்டையை வளைத்தால் வேலை முடிந்தது. அப்போதுதான் புத்தி கெட்டது. சரியாகச் செய்தால் சடையப்பன் எடுத்துப்போவான், அதோடு சரி. பொருந்தாவிட்டால்? சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அவனே வருவான். குழாயை முடுக்க முடியாத சிலிண்டரோடு யாரும் தண்ணீரில் இறங்க முடியாது, அதனால் உயிருக்கு ஒன்றுமில்லை. ஆணியைப் பிடுங்கி, ஓர் உருளையைக் கால் அங்குலம் நெருக்கி அறைந்தேன்.

கிளாம்பை அனுப்பிவிட்டு வீட்டைக் கழுவினேன். இரண்டு பேருக்கு உலை வைத்தேன். மெட்ராஸ் பஸ் வரும் நேரமெல்லாம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி, ஒன்பது நாளும் காலையில் அதையே தின்றேன்.

பத்தாம் நாள் சடையப்பன் என் கிளாம்புகளையே திருப்பிக் கொண்டுவந்தான். கூடவே ஒரு சீட்டு.

"நைனா, கால் இஞ்ச் குறையுது. இங்க ஒர்க்‌ஷாப்லயே அரை நாள்ல செஞ்சிக்கினேன். உனக்குக் கண்ணு மங்கிப்போச்சு போல. இனிமே உன்ன தொந்தரவு பண்ணல."

என் கண்ணா மங்கியது? கோபம் தலைக்கேறியது. வேண்டுமென்றே செய்தேன் என்று எழுதினால் என் தொழில் மானம் தப்பும். ஆனால் பெற்ற மகனை ஏமாற்றினேன் என்றும் ஆகும். அவன் என்னிடம் கேட்டது இந்த ஒரு வேலை. அதையும் நானே கெடுத்துக்கொண்டேன். அன்று அடுப்பு மூட்டவில்லை.

மறுநாள் தபால் கார்டு வாங்கிவந்தேன். சடையப்பனிடம் கொடுத்தால் என் கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை என்று அங்கே உளறிவிடுவான்.

"ஆமாம்பா, கண்ணு சுத்தமாத் தெரியல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆளில்ல. ஒரு நடை வந்துட்டுப் போ."

எழுதிமுடித்துப் பார்த்தேன். வரிகள் ரூல் தடி வைத்து இழுத்தமாதிரி நேராக நின்றன. அதைக் கிழித்துப் போட்டேன். இன்னொரு கார்டை எடுத்து, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வரிகள் சரிந்து போகும்படி மெதுவாக எழுதினேன்.