அந்தப் பெண் சிரிக்கவில்லை

ரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவளுடைய பெயர் தெரியாது. ஊசியக்கா இருக்கிறாளா என்றுதான் வாசலிலேயே விசாரிப்பார்கள். பத்தொன்பது வருடமாக அந்த ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கிறாள். கண்ணுக்குத் தெரியாத நரம்பையும் விரல் நுனியால் தடவியே கண்டுபிடித்துவிடுவாள். ஊசியைப் பார்த்ததும் வெலவெலத்துப் போகிறவர்களிடம், வீட்டில் எத்தனை ஜன்னல் என்று எண்ணிச் சொல்லச் சொல்வாள். அவர்கள் மூன்றாவது ஜன்னலுக்கு வருவதற்குள் வேலை முடிந்திருக்கும். பயந்தவர்களைக் கேலி செய்தால் அவளுக்குப் பிடிக்காது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் யாராவது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தால், அன்று முழுக்க அவர்களிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் காலை, ஆய்வகத் தரையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க முடியாமல் திண்டாடினாள். ஊசிக்குப் பயந்து மேஜைக்கு அடியில் நுழைந்துகொண்ட நான்கு வயதுக் குழந்தையைப் பிடித்து இழுக்க அவளுக்கு மனம் வரவில்லை. தானும் மண்டியிட்டுத் தலையை உள்ளே நீட்டி, அங்கேயே வைத்து ரத்தம் எடுத்துவிட்டாள். குழந்தை வெளியே வந்துவிட்டது. அவளால்தான் வர முடியவில்லை. முட்டி இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கைக்கு எட்டிய நாற்காலியைப் பிடித்தாள். அதற்கு அடியில் உருளை, அது பாட்டுக்கு நகர்ந்து போனது. கடைசியில் குழந்தையின் அப்பாவும் வரிசையில் காத்திருந்த இன்னொருவரும் ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவர், குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அந்தக் கேள்வியே அவளைக் கொன்றுபோட்டது.

ஆய்வகத்து டாக்டர் முட்டியை அழுத்திப் பார்த்தார். எலும்பில் கோளாறு ஒன்றுமில்லை, தொடையில்தான் பலமில்லை, நாற்பத்தெட்டு வயதுக்கு இது சரியில்லை, யாரிடமாவது முறையாகக் கற்றுக்கொண்டு உடற்பயிற்சி செய் என்றார்.

கணவர் தபால்காரர். கடிதத்தோடு ஊர்க்கதையையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அவருக்கு அன்றைய வேலை முடிந்த மாதிரி இருக்கும். கடைத்தெரு மாடியில் இருக்கிற ஜிம்முக்கும் அவர்தான் தபால் கொடுப்பவர். விஷயம் காதில் விழுந்த அன்றைக்கே போய் அவளைச் சேர்த்துவிட்டு வந்தார். முதல் வகுப்பு மட்டும் ஒரு பயிற்சியாளர் கூடவே இருந்து சொல்லிக் கொடுப்பார். அதன்பிறகு தனியாகப் பயிற்சியாளர் வைத்துக்கொள்வதா, தானே செய்துகொள்வதா என்று மாதக் கடைசிக்குள் சொன்னால் போதும்.

அந்த ஒரு கேள்வி அவளை நான்கு நாள் பாடாய்ப் படுத்தியது. ஆள் வைத்தால் ஒரு மணி நேரமும் இரண்டு கண் தன் உடம்பின் மேலேயே இருக்கும். வைக்காவிட்டால், எந்த இயந்திரத்தில் ஏறி எதைப் பிடித்து இழுப்பது என்று தெரியாமல் திருவிழாவில் தொலைந்தவள் மாதிரி முழித்துக்கொண்டு நிற்க வேண்டும். முதலில் ஒரு வகுப்புப் போய்ப் பார்ப்போம் என்று கறுப்பு டிராக் பேண்ட் ஒன்றும், முட்டி வரை தொங்குகிற சட்டை ஒன்றும் வாங்கிக்கொண்டாள்.

பயிற்சியாளர் இருபத்தைந்து வயதுகூட ஆகாத பெண். மெதுவாகப் பேசினாள். மேடம் என்று கூப்பிட்டவளிடம், "அக்கான்னே கூப்பிடும்மா" என்றாள் ஊசியக்கா. அந்தப் பெண்ணும் சரி என்று தலையாட்டினாள். ஒரு பெஞ்சைக் காட்டி, கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திருங்கள், பத்துத் தடவை, முடியாவிட்டால் முடிந்தவரைக்கும் போதும் என்றாள். சுற்றிலும் முழு உயரக் கண்ணாடி. பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் எடை தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஊசியக்கா மூன்று தடவை எழுந்துவிட்டாள். நான்காவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு எழும்போது வயிற்றுக்காற்று சத்தமாகப் பிரிந்துவிட்டது. சொல்லி வைத்த மாதிரி, ஜிம்மில் ஓடிக்கொண்டிருந்த பாட்டும் அப்போதுதான் முடிந்து, அடுத்தது தொடங்காமல் இருந்தது.

இளைஞர்கள் திரும்பவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை. "நல்லா செய்றீங்கக்கா. மூச்ச மட்டும் அடக்காதீங்க" என்றாள். ஊசியக்காவுக்கு அதற்குமேல் காதில் எதுவும் ஏறவில்லை. கண்ணாடியில் பார்த்தால் கழுத்துவரை சிவந்து ஒரு பெரிய பொம்பளை நின்றுகொண்டிருந்தாள். அவசர வேலை இருக்கிறது என்று எதையோ உளறிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் போகக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் கணவர் அவளுக்கு முன்பே எழுந்து அவளுடைய ஷூவைத் துடைத்து வைத்திருந்தார். வேறு வழியில்லாமல் கிளம்பினாள். ஜிம்மின் படியேறி, அட்டையைக் காட்டி, பெண்கள் உடை மாற்றும் அறை வரைக்கும் போனாள். அதைத் தாண்டிக் கால் நகரவில்லை. அங்கிருந்த மரப்பலகையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். யாராவது உள்ளே வந்தால் குனிந்து ஷூ நாடாவைக் கட்டுவாள். அவர்கள் போனதும் அவிழ்ப்பாள். பிறகு குழாயைத் திறந்து நெற்றியிலும் கழுத்திலும் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு, வியர்த்தவள் மாதிரி வீட்டுக்குத் திரும்பினாள். கணவர் விசிறிவிடாத குறைதான்.

அதுவே வழக்கமாகிவிட்டது. இரண்டு வாரம் அந்தப் பலகைதான் அவளுடைய ஜிம். அந்தப் பெண் ஒருமுறை போனில் செய்தி அனுப்பியிருந்தாள்: எப்படி இருக்கிறீர்கள், அடுத்த வகுப்பு எப்போது வைத்துக்கொள்ளலாம், பயிற்சியாளர் வேண்டுமா என்று முடிவு செய்தீர்களா. ஊசியக்கா அதைப் படித்துவிட்டு, தவறிப்போய்க்கூடத் திறந்துவிடாதபடி அழித்துவிட்டாள். இதற்குள் கணவர் தெருத்தெருவாகச் சொல்லி முடித்திருந்தார். ரத்தம் கொடுக்க வந்த ஒரு பாட்டுவாத்தியார், "என்னக்கா, ஆளே பாதியாயிட்டீங்க?" என்றார். ஊசியக்கா தலையைக் குனிந்துகொண்டு நரம்பு தேடினாள். அன்றைக்கு அவள் அவரை இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது.

ஒரு பதிவுத் தபாலோடுதான் எல்லாம் வெளியே வந்தது. அதைக் கொடுக்க ஜிம்முக்குப் போன கணவர், என் வீட்டுக்காரி எப்படிச் செய்கிறாள் என்று வருகை பதிகிற முன்மேஜையில் இருந்தவரைக் கேட்டிருக்கிறார். அட்டையில் வருகை இருக்கிறது, ஆனால் முதல் நாளுக்குப் பிறகு அவர்களை உள்ளே பார்க்கவே இல்லையே என்று அவர் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் கோபப்படவில்லை. பையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என்னதான் நடந்தது என்று கேட்டார். உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முப்பது வருடம் கூட வாழ்ந்த மனிதர்தான். காற்றுப் பிரிந்த கதையைச் சொன்னால் அவரும் சிரித்து அவளையும் சிரிக்க வைத்திருப்பார். ஆனால் இரண்டு வாரம் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்ததை எப்படிச் சொல்வது? வாயில் வேறொன்று தயாராக இருந்தது.

"அந்தப் பொண்ணு என்னைப் பார்த்துச் சிரிச்சிட்டா. இந்த வயசுல, இந்த உடம்ப வெச்சுக்கிட்டு, உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்னு கேட்டா. அதுக்கப்புறம் எப்படி உள்ள போறது?"

சொல்லச் சொல்ல அவளுக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது. அழுதும்விட்டாள். கணவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். எறும்புக்கும் வழிவிட்டு நடக்கிற அந்த மனிதர் மறுநாள் காலை நேராக ஜிம்முக்குப் போய், முன்மேஜை அருகிலேயே நின்று, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டுவிட்டு வந்தார். ஆய்வகத்துக்குப் போன் செய்து, "கேட்டுட்டேம்மா. நீ நிம்மதியா இரு" என்றார்.

மத்தியானம் ஜிம் மேனேஜரே அழைத்தார். நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். இன்னொரு பயிற்சியாளரை ஒரு மாதம் இலவசமாகவே ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். "அந்தப் பொண்ண இனிமே புதுசா வர்றவங்ககிட்ட விடமாட்டோம் மேடம். இப்போதைக்கு சாமான் துடைச்சு அடுக்குற வேலையில போட்டிருக்கோம்."

"சரிங்க. ரொம்ப தேங்க்ஸ்" என்றாள் ஊசியக்கா.

போனை வைத்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. நன்றி வேறு சொல்லியிருக்கிறாள். கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடியும் கழற்றினாள். அடுத்து வந்த பெண், ஊசி என்றால் தனக்கு மயக்கமே வந்துவிடும், சிரிக்காதீர்கள் என்று கெஞ்சினாள். ஊசியக்காவால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தரையில் எழ முடியாமல் கிடந்த அன்றைக்கும், கண்ணாடி முன்னால் மானம் போன அன்றைக்கும் உடம்புதான் கூசியது. இது வேறு. உள்ளே எங்கேயோ புளித்துப்போன மாதிரி இருந்தது.

வீட்டுக்குப் போனதும் கணவரை உட்காரச் சொல்லி, நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பெஞ்சு, நான்காவது தடவை, மரப்பலகை, குழாய்த் தண்ணீர், ஒன்றையும் விடவில்லை. அவர் சிரிக்கவில்லை.

"நான் அந்தப் பொண்ண நிக்க வெச்சுக் கேட்டேன்" என்றார். "அவ ஒரு வார்த்தை திருப்பிப் பேசல."

நாளைக்கு நானே போய்ச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் வர வேண்டாம் என்றாள். கத்தியது நான்தானே என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து முகம் கழுவப் போனார்.

காலையில் இருவரும் படியேறினார்கள். மேனேஜர் அவர்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார், ஊசியக்கா மறுத்துவிட்டாள். சத்தம் போட்டது முன்மேஜையில், ஆகவே சொல்வதும் முன்மேஜையில்தான் என்றாள். அந்தப் பெண் மூலையில் உட்கார்ந்து இரும்பு எடைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் துணியைக் கையில் வைத்துக்கொண்டே வந்தாள். தபால்காரரைப் பார்த்ததும் இரண்டடி தள்ளியே நின்றுவிட்டாள்.

ஊசியக்கா இரவெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "இந்தப் பொண்ணு என்னைப் பார்த்துச் சிரிக்கல" என்று மேனேஜரிடம் ஆரம்பித்தாள். "ஒரு வார்த்தை தப்பாவும் சொல்லல. எனக்குத்தான் அன்னைக்கு அசிங்கமாயிடுச்சு. உள்ள வர தைரியம் இல்லாம துணி மாத்துற ரூம்லயே உட்கார்ந்துட்டுப் போயிட்டிருந்தேன். வீட்ல கேட்டதும் பழியத் தூக்கி இவ மேல போட்டுட்டேன்." பிறகு அந்தப் பெண் பக்கம் திரும்பினாள். "என்னை மன்னிச்சிடும்மா."

டிரெட்மில்லில் நடந்துகொண்டிருந்த ஒருவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். கணவர் கைகூப்பினார். நானும்தான் விசாரிக்காமல் பேசிவிட்டேன் என்றார்.

அந்தப் பெண் துணியை மடித்தாள், மறுபடியும் மடித்தாள்.

"நான் சிரிச்சிருப்பேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு மேடம்" என்றாள். "எனக்குத் தெரியாம மூஞ்சி எதையாவது காட்டியிருக்குமோன்னு. வீட்ல கண்ணாடி முன்னாடி நின்னு, அன்னைக்குச் சொன்னதையெல்லாம் திரும்பச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்."

ஊசியக்காவுக்குத் திட்டு வாங்கியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அக்கா மறுபடியும் மேடம் ஆனதையும் அவள் காது குறித்துக்கொண்டது.

மேனேஜர் சங்கடத்தோடு தொண்டையைக் கனைத்தார். நாளையிலிருந்து அந்தப் பெண் பழையபடி வகுப்பு எடுக்கலாம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஊசியக்கா துணிச்சலை வரவழைத்துக்கொண்டு, தனக்குப் பயிற்சியாளர் வேண்டும் என்று முடிவு செய்திருப்பதாகவும், இந்தப் பெண்ணே சொல்லிக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றும் கேட்டாள். கேட்கும்போதே, தன் குற்றம் கரைவதற்குத்தான் இதைக் கேட்கிறோமோ என்று தோன்றியது.

"வேணாம் மேடம்" என்றாள் அந்தப் பெண். குரலில் கோபம் இல்லை. "உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது என் கவனமெல்லாம் என் மூஞ்சி மேலதான் இருக்கும். அது உங்களுக்கும் நல்லதில்ல. சாயங்காலம் வர்ற ட்ரெய்னர் நல்லா சொல்லிக் கொடுப்பாங்க. அவங்ககிட்ட சேருங்க." சொல்லிவிட்டு எடைகள் இருந்த மூலைக்கே போய்விட்டாள்.

சாயங்காலப் பயிற்சியாளர் ஐம்பதை நெருங்கிய, கட்டைக்குரல் பெண்மணி. எண்ணிக்கையை ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வார். இலவச மாதத்தை ஊசியக்கா வேண்டாம் என்றுவிட்டாள். முதல் வகுப்பிலேயே, தன்னிடமிருந்து என்னென்ன சத்தம் வரலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவைத்தாள். "வரட்டுமே. எனக்கும்தான் வரும். உட்காருங்க" என்றார் அவர். உட்கார்ந்தாள், எழுந்தாள். அன்றைக்கு ஐந்து. கால் நடுங்கியது. மறுநாள் ஆய்வகத்துப் படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

கணவர் இப்போது தெருவில் அவளைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. யாராவது கேட்டால், போய்க்கொண்டிருக்கிறாள் என்று மட்டும் சொல்லிக் கடிதத்தை நீட்டிவிடுவார். ஜிம்முக்குத் தபால் வரும் நாட்களில் அதைக் கொடுத்துவிட்டு ஒரு நிமிடம் கூட நிற்பதில்லை.

அந்தப் பெண்ணின் வேலை முடிகிற நேரமும் ஊசியக்கா உள்ளே நுழைகிற நேரமும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வாசலில் இடித்துக்கொள்ளும். அந்தப் பெண் லேசாகத் தலையசைப்பாள். ஊசியக்காவும் தலையசைப்பாள். ஒவ்வொரு தடவையும் ஊசியக்காவுக்குக் கழுத்துவரை சூடேறும். ஷூவை மாற்றிக்கொண்டு உள்ளே போவாள்.