ஓட்டை ஓரத்துப் பிசிறு

சத்தக்காரர் என்று சொன்னால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. காரோ வேனோ லாரியோ, உள்ளே இருக்கும் பாட்டுப்பெட்டி மூச்சை விட்டுவிட்டால் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். தொழிலால் வந்த பெயர் அது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கோபம் வந்தால் அவர் போடுகிற சத்தத்தால் ஒட்டிக்கொண்ட பெயர் என்பது அவருடைய மனைவிக்குத் தெரியும். தெருவுக்கும் தெரியும்.

அன்று மதியம் அவர் மேசையில் வயிறு திறந்து கிடந்தது வேன் டிரைவருடைய பழைய ஆம்ப்ளிஃபயர். இரண்டு வருடமாக அலமாரியின் மேல் தட்டில் தூசி குடித்துக்கொண்டிருந்த பெட்டி. டிரைவர் இடையில் வாங்கிய புதுப் பெட்டியும் படுத்துவிட்டதால், பழையதையே ஒரு கை பாருங்கள் என்று வந்து நின்றார். பாட்டு இல்லாமல் ஓட்டினால் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் தன் ஓட்டுதலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்களாம்.

அந்தப் பெட்டியை இறக்கும்போதே சத்தக்காரருக்கு முகம் சுருங்கியது. அவரை மண்ணைக் கவ்வ வைத்த ஒரே பெட்டி அது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஸ்பீக்கர் ஒயர் எங்கோ உரசி, உள்ளே இருந்த நாலு டிரான்சிஸ்டர்களும் போய்த்தான் முதலில் வந்தது. நாலையும் மாற்றிக் கொடுத்தார். ஒரே நாளில் புகையோடு திரும்பி வந்தது. மறுபடி நாலு. மறுபடி புகை. மூன்றாவது தடவையும் அதே கதை ஆனதும் அவருக்குத் தலைக்கேறிவிட்டது. செத்த டிரான்சிஸ்டர்களை உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு நேராக உதிரிபாகக் கடைக்குப் போனார். கடை வேறு யாருடையதும் இல்லை, மனைவியின் சொந்தத் தம்பியுடையது.

கடையில் அப்போது மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் வண்டிகளுக்கு ஒயரிங் செய்கிறவர், ஒருவர் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர், மூன்றாவது ஆள் யாரோ வெளியூர்க்காரர். அவர்கள் முன்னிலையில்தான் சத்தக்காரர் கையில் இருந்ததைக் கல்லாமேசை மேல் கொட்டி, போலிச் சரக்கு விற்கிறாயா என்று கேட்டார். கேட்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. எதிர்க் கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

மச்சினன் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. சுபாவத்திலேயே அவன் அதிர்ந்து பேசாதவன். "அத்தான், எதுக்கும் ஹீட் சிங்க்கை ஒரு தடவை பாத்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

"அதெல்லாம் பாத்தாச்சு. எனக்கே பாடம் எடுக்கிறியா?"

அதோடு வந்துவிட்டார். அதற்குப் பிறகு மச்சினன் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. ஆறேழு மாதத்தில் கடையையும் மூடிவிட்டான். குட்டு வெளிப்பட்ட பிறகு எந்த முகத்தோடு வருவான் என்று சத்தக்காரர் மனைவியிடம் ஒரு தடவை சொன்னார். அவள் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். அதிலிருந்து அவர்கள் வீட்டில் தம்பி என்கிற பேச்சே எழுந்ததில்லை. அவள் மட்டும் மாதம் ஒரு தடவை தம்பி வீட்டுக்குப் போய் வருவாள். போகிறேன் என்றும் சொல்ல மாட்டாள், வந்தேன் என்றும் சொல்ல மாட்டாள்.

இந்தத் தடவை அவர் ஜாக்கிரதையாக இருந்தார். டிரான்சிஸ்டர்களைத் தயாரித்த கம்பெனியிடமே எழுதிப்போட்டு, முத்திரை உடையாத உறையில் வரவழைத்தார். பற்றவைத்து, மீட்டர் வைத்து ஒவ்வொரு முனையாகச் சோதித்தார். மேசையில் ஒரு மணி நேரம் பாட வைத்தார். பெட்டி தேனாகப் பாடியது. பிறகு எல்லாவற்றையும் இறுக்கி முறுக்கி வேனில் மாட்டிக் கொடுத்தார். டிரைவர் போய் அரை மணி நேரம் ஆகியிருக்காது, திரும்பி வந்து நின்றார். வேனுக்குள் கருகல் வாடை.

சத்தக்காரர் வேனில் ஏறிப் பெட்டியைக் கழற்றினார். இந்தச் சரக்கு மச்சினன் கடையில் வாங்கியது இல்லையே என்ற நினைப்பு முதலில் வந்தது. அதைத் தொடர்ந்து வந்த நினைப்பை அவர் உள்ளே விடவில்லை. டிரைவரைப் பிறகு வரச் சொல்லி அனுப்பிவிட்டு மறுபடி பெட்டியைத் திறந்தார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. செத்த டிரான்சிஸ்டர்களை நாலையும் ஒன்றாகப் பிடுங்கி ஒரே டப்பாவில் போட்டுவிடுவார். எது எந்த இடத்தில் இருந்தது என்று பார்க்க மாட்டார். செத்ததற்கு என்ன ஜாதகம் என்பார். அன்று என்னவோ கை அப்படிப் போகவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி, இருந்த வரிசையிலேயே மேசையில் வைத்தார். மூன்று சும்மா செத்திருந்தன. இடமிருந்து இரண்டாவது மட்டும் வெடித்திருந்தது. அந்த இடத்துக்கு நேரே சர்க்யூட் பலகையைத் திருப்பிப் பார்த்தால் பழைய கருகல் தடங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. ஆக, அவர் மாற்றிக் கொடுத்த எல்லாத் தடவையும் முதலில் போனது இந்த இரண்டாவதுதான். போகிற போக்கில் மற்ற மூன்றையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

டிரான்சிஸ்டருடைய முதுகு உலோகம். அதில் மின்சாரம் நிற்கும். சூடு இறங்குவதற்காக அதை ஹீட் சிங்க் என்கிற அலுமினியக் கட்டையோடு சேர்த்து முறுக்க வேண்டும், ஆனால் இரண்டு உலோகமும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. அதனால் நடுவில் மெல்லிய மைக்கா தகடு ஒன்று வைப்பார்கள். சத்தக்காரர் இரண்டாவது இடத்து மைக்காவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஊசிமுனை அளவுக்கு ஒரு பொத்தல். அதன் ஓரம் கருகியிருந்தது.

அலுமினியக் கட்டையில் அந்த ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றி ஆள்காட்டி விரலால் தடவினார். சுருக்கென்றது. எடுத்துப் பார்த்தால் ரத்தம்.

பிசிறு. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத, அலுமினியப் பிசிறு. அது எப்படி வந்தது என்று அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. முதல் தடவை பழுது பார்த்தபோது அந்த ஸ்க்ரூவின் மரை போயிருந்தது. அவர்தான் டிரில்லை எடுத்துப் புதிதாக ஓட்டை போட்டார். போட்டுவிட்டு ஓரத்தைத் தேய்த்து மழமழப்பாக்கவில்லை. மேசையில் பாட வைக்கும்போது, திரும்பக் கழற்ற வேண்டியிருக்குமே என்று ஸ்க்ரூக்களைப் பாதி முறுக்கி விட்டுவிடுவார். அதனால் மேசையில் எல்லாம் சரியாக இருக்கும். வேனில் மாட்டுவதற்காக இறுக்கி முறுக்கி, பெட்டியும் சூடாகிப் பதிந்ததும், பிசிறு மைக்காவைத் துளைத்துக்கொண்டு டிரான்சிஸ்டரைத் தொடும். தொட்டதும் முடிந்தது.

பாத்தாச்சு என்று அன்று கடையில் சொன்னார் அல்லவா, அவர் பார்க்கவில்லை. மூன்று பேர் முன்னால் ஒரு சின்னப் பயல் கேட்டுவிட்டானே என்கிற ரோஷத்தில் வாயில் வந்த பொய் அது.

மனைவி டீ கொண்டு வந்தபோது அவர் விரலைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டாள். ஒன்று விடாமல் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. அவள் டம்ளரை மேசையில் வைத்தாள்.

"அவன் ஏன் இங்க வர்றதில்லன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"என் மேல கோவம். இருக்காதா பின்ன?"

"நீங்களே போய்க் கேளுங்க," என்றாள்.

அலுமினியக் கட்டையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். மச்சினன் இப்போது ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறான். அத்தானைப் பார்த்ததும் கையில் இருந்த பசைத்தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, அவர் உட்கார ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டான். திட்டட்டும், கையை ஓங்கினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் மனசைத் தயார் செய்துகொண்டு வந்தவருக்கு, அந்தப் பெட்டியில் உட்காருவது கஷ்டமாக இருந்தது.

துணியைப் பிரித்துக் கட்டையை நீட்டினார். மச்சினன் விரலை வைத்துப் பார்த்தான். தொழில் தெரிந்தவன், விளக்கம் தேவைப்படவில்லை. பசையும் தூசியும் படிந்த விரல் அந்த ஓட்டையைச் சுற்றி இரண்டு தடவை போய் வந்தது.

"அப்போ அந்தச் சரக்கு நல்ல சரக்குதானா, அத்தான்?"

"நல்ல சரக்குதான்."

அவன் கட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு பேசினான். அத்தான் வந்துபோன மறுநாளே, கடையில் இருந்த அந்த வகை டிரான்சிஸ்டர் அத்தனையையும் பெட்டியோடு தரையில் கொட்டிச் சுத்தியலால் தட்டிப் போட்டானாம். வேறு யாரும் ஏமாந்துவிடக் கூடாதே என்று. போலியை என் தலையில் கட்டிவிட்டாய் என்று மொத்த வியாபாரியிடம் போய்ச் சண்டை பிடித்தானாம். அவர் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தும் இவன் நம்பவில்லை. அவர் சரக்கை நிறுத்தினார். அப்புறம் கடை எங்கே ஓடும்.

"நீ நம்பியிருக்க வேண்டாமே," என்றார் சத்தக்காரர். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான வார்த்தை என்று அவருக்கு உறைத்தது.

மச்சினன் அவரை நிமிர்ந்து பார்த்தான். கோபம் மருந்துக்கும் இல்லை. "பாத்தாச்சுன்னு சொன்னீங்களே அத்தான். நீங்களே பாத்துட்டீங்கன்னா அப்புறம் நான் எதைச் சந்தேகப்படறது? என் சரக்கைத்தானே. உங்க பேரைக் கெடுத்துட்டோமேன்னுதான் வீட்டுப் பக்கம் வரல."

அவருக்கு அழுகை வந்தது. மறைக்கவும் தோன்றவில்லை. மச்சினன்தான் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான். ஊரெல்லாம் சொல்கிறேன், அன்று நின்றிருந்தவர்களிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்றார். சரி என்று தலையாட்டினான்.

திரும்பும் வழியிலேயே ஒயரிங் செய்கிறவர் பட்டறைக்குப் போய் நின்றுகொண்டே சொன்னார். மைக் செட்காரரிடமும் சொன்னார். இரண்டு பேருக்கும் அந்தச் சண்டை நன்றாக நினைவிருந்தது. அதனால்தான் அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தினோம் என்றார்கள். அந்த வெளியூர்க்காரர் யார், எங்கே இருக்கிறார் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மூடிக் கிடக்கும் கடைக்கு எதிர்க் கடைக்காரரிடமும் கேட்டுப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்ன சொன்னான்? திட்டினானா?"

"திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றார்.

அவள் அவர் கையைப் பார்த்தாள். கட்டையைக் காணோம். அதைத் தம்பி வைத்துக்கொண்டான் என்றும், ஞாயிற்றுக்கிழமை ஓரத்தைத் தேய்த்து அவனே கொண்டு வருவதாகச் சொன்னான் என்றும் அவர் சொன்னார். ஓட்டை போட்டவர் தேய்க்காமல் விட்டதை, இரண்டு வருடம் கழித்து அவன் தேய்க்கப்போகிறான்.