ஏழாவது பாட்டின் வேகம்

சில்வண்டு எழுதுகிற எதுவும் கொடுத்த இடத்தில் அடங்காது. நானூறு சொல் கேட்டால் எழுநூறு வரும். பக்கம் வடிவமைக்கிறவள் நான். வெட்டுகிற பாவமெல்லாம் எனக்கு. எங்கள் நாளிதழின் வெள்ளிக்கிழமை இணைப்பில் கடைசிப் பக்கம் அவளுடையது. பெரிய கம்பெனிகள் எட்டிக்கூடப் பார்க்காத ராப் பாடகர்களைப் பற்றி வாரா வாரம் எழுதுவாள். போர்வையைச் சுற்றிலும் தொங்கவிட்டு அலமாரிக்குள் நின்று பதிவு செய்கிறவர்கள், கார் ஷெட்டில் முப்பது பேர் முன்னால் தொண்டை கிழியப் பாடுகிறவர்கள், இவர்கள்தான் அவளுக்கு உலகம்.

எனக்கு ராப் பிடிக்காது. மூச்சு வாங்க இடம் கொடுக்காத எதுவும் பிடிக்காது, அவள் ஒருத்தியைத் தவிர. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க மேசையில் விரலால் தட்டி, வாயால் 'ட்ஸ் ட்ஸ்' என்று தாளம் போடுகிறவளுக்குச் சில்வண்டு என்று நான்தான் பெயர் வைத்தேன். இப்போது சம்பளச் சீட்டைத் தவிர எல்லா இடத்திலும் அவள் அதுதான்.

அவளிடம் ஒரு கோளாறு உண்டு. யாரையும் குறை சொல்ல வராது. ஆசிரியர் ஒருநாள் எங்கள் மேசைக்கே வந்துவிட்டார்.

"இதுவரைக்கும் நாப்பத்தோரு பேரைப் பத்தி எழுதியிருக்க. நாப்பத்தோரு பேரும் மாணிக்கமா? காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு, சரி. உனக்கு ஊர்க் குஞ்செல்லாம் பொன்குஞ்சா? இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா அந்த இடத்துல குறுக்கெழுத்துப் போட்டுடுவேன்."

அந்த வாரம் பார்த்துத்தானா நட்டுவின் முதல் ஆல்பம் வர வேண்டும்!

நட்டு வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறவன். யார் யார் வீட்டிலோ ஈரத்தரையில் மண்டியிட்டு நட்டு போல்ட்டு கழற்றுகிற வாழ்க்கையைப் பாட்டாக்கினான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவனைப் பற்றி முதன்முதலில் எழுதியது சில்வண்டுதான். அந்தப் பக்கத்தை அவன் கத்தரித்து, ஸ்பானர் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தான். அவனுடைய அப்பாவிடமும் காட்டினானாம். அவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். பேப்பரை மடித்துக் கொடுத்துவிட்டு, "இன்னிக்கு வேலைக்குப் போகலையா?" என்று கேட்டாராம். மகன் பாட்டில் ஒன்றைக்கூட அவர் கேட்டதில்லை.

சில்வண்டு ஆல்பத்தை ஒன்பது தடவை கேட்டாள். ஒன்பதாவது தடவை முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அழுதாள்.

"நல்லா இல்லக்கா."

"எல்லாமேவா?"

"மூணு பாட்டு நல்லாருக்கு. மீதி எட்டுல அவன் இல்லவே இல்ல. கார்ங்கிறான், தங்கச் சங்கிலிங்கிறான். இவன்கிட்ட இருக்கிறது ஒரு ஓட்டை ஸ்கூட்டர்!"

"எழுதாம விட்டுடேன்."

"அவனுக்காக ரெண்டு வருஷமா எல்லாரோடயும் சண்டை போட்டிருக்கேன். இப்ப வாயை மூடிக்கிட்டா அவனுக்குப் புரியாதா? பொய்யா எழுதினா மத்த நாப்பது பேரை யார் நம்புவா?" மூக்கை உறிஞ்சினாள். "என் பக்கம் போனாப் போகுதுக்கா. அவன் பாடுறதையே விட்டுட்டா நான் என்ன பண்ணுவேன்?"

தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

சரியாக நானூறு சொல் எழுதிக் கொடுத்தாள். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயமே வந்தது. வெட்ட ஒரு வரிகூட இல்லை. 'மூன்று பாட்டில் நட்டு இருக்கிறார். மற்ற எட்டில் யாரோ இருக்கிறார்கள். பதினோரு பாட்டும் ஒரே வேகத்தில் ஓடுகின்றன' என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் படித்துவிட்டு, "இதுதான் எழுத்து" என்றார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை பேப்பர் வந்தது. நட்டு கூப்பிடவில்லை. சனி, ஞாயிறும் போயின. திங்கட்கிழமை அவள் மேசையில் தாளமே இல்லை. இத்தனை நாளாக அந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டே அதில்தான் வேலை செய்திருக்கிறேன் போல. ஒரு தலைப்பை மூன்று தடவை தப்பாக வைத்தேன்.

பதினோரு மணிக்கு டிப்போ சீருடையில் ஒருவர் உள்ளே வந்தார். அக்குளில் வெள்ளிக்கிழமை பேப்பர்.

"என் பையன் பாட்டைப் பத்தி எழுதினது யாரு?"

சில்வண்டு எழுந்து நின்றாள். எதற்கும் இருக்கட்டும் என்று நானும் எழுந்தேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு குறிப்பு நோட்டை எடுத்தார். வண்டி நேரம் குறிக்கிற மாதிரி கட்டம் போட்டு, உள்ளே பொடி எழுத்தில் எண்கள்.

"பதினோரு பாட்டும் ஒரே வேகம்னு எழுதியிருக்கியேம்மா, கேட்டுட்டுத்தான் எழுதினியா?"

"ஒன்பது தடவை கேட்டேன் சார்."

"நான் பதினாலு தடவை கேட்டேன். முப்பது வருஷமா வண்டி வர்ற நேரமும் போற நேரமும் பாக்குறவன்மா நான். ஏழாவது பாட்டு, ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு. வேகம் குறையுது. போடு, கேப்போம்."

என் கம்ப்யூட்டரிலேயே போட்டாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். சரியான இடத்தில் விரலைத் தூக்கினார். தாளம் தளர்ந்தது, குரல் இறங்கியது. ராப் பிடிக்காத எனக்கே கேட்டது.

சில்வண்டுவின் முகம் சுருங்கிப்போயிற்று. "தப்புதான் சார். கவனிக்காம விட்டுட்டேன்."

"திருத்தம் போடணும்."

"போட்டுடுறோம்" என்றேன் நான், ஆசிரியரைக் கேட்காமலே.

அவர் நோட்டை மூடவில்லை. தாளைப் புரட்டிக்கொண்டே நின்றார். அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "மத்ததெல்லாம் எப்படி சார்?"

"அந்தக் காரு, சங்கிலியெல்லாம் எனக்கும் பிடிக்கலதான். எங்க வீட்ல ஏது சங்கிலி?" என்றவர் உடனே குரலை உயர்த்தினார். "ஆனா அதை நான் சொல்லலாம், நீ சொல்லக்கூடாது."

"அவன்கிட்ட சொன்னீங்களா சார்?"

"எங்க சொல்ல? வெள்ளிக்கிழமைதானே முதல் தடவை கேட்டேன். எல்லாரும் படிக்கிற பேப்பர்ல என் பிள்ளையைக் குறை சொன்னா, என்ன ஏதுன்னு பாக்க வேணாமா?"

ரெண்டு வருஷப் பாராட்டு அசைக்காத மனுஷரை நானூறு சொல் இப்படிப் புரட்டிப் போட்டிருந்தது. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதே சமயம், இத்தனை நாள் எங்கே போயிருந்தீர் என்று சட்டையைப் பிடித்துக் கேட்கவும் தோன்றியது. காபி குடிக்கச் சொன்னோம். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

அவர் படி இறங்கியிருக்க மாட்டார், அவளுடைய போன் அடித்தது. நட்டு. எடுக்கிற அவசரத்தில் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்திவிட்டாள்.

"அக்கா, எங்கப்பா காலைல உங்க பேப்பரோட கிளம்பினாரு. அங்க வந்தாரா?"

"வந்தாருடா."

"திட்டினாரா?"

"வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. நீ என் மேல கோவமா இருக்கியா?"

"இல்லாம? மூணு நாளாத் தூங்கல. அந்தக் கோவத்துலதான் எட்டுப் பாட்டையும் மறுபடி எழுதிக்கிட்டிருக்கேன். அதை விடு. அப்பா என்ன சொன்னாரு?"

அவள் சொன்னாள். பதினாலு தடவை. ஏழாவது பாட்டு. ஒரு நிமிஷம் நாற்பது செகண்டு.

போனில் யாருடைய வீட்டிலோ வாஷிங் மெஷின் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டானோ என்று அவள் திரையைப் பார்த்தாள்.

"அக்கா" என்றான். "எப்படித் திட்டினாரு, இன்னொரு தடவை சொல்லு. உள்ள வந்ததுலேர்ந்து சொல்லு."