முன்னூற்றுப் பன்னிரண்டு இரங்கல்கள்

எனக்குக் கருத்துகள் அதிகம். பிரிட்ஜுக்கு இணையம் வேண்டாம், பாலைக் கெடாமல் வைத்தால் போதும். பல் தேய்க்கும் பிரஷ் பாஸ்வேர்ட் கேட்டால் அன்றே குப்பையில் போட வேண்டும். உலகத்திலேயே குறையில்லாத கருவி பனி அள்ளும் மண்வாரிதான். பதினோரு வருடமாக வைத்திருக்கிறேன், ஒரு அப்டேட் கேட்டதில்லை. இதையெல்லாம் அலுவலகச் சாட் குழுவில் எழுதிப் போடுவேன். ஐந்து பேர் கம்பெனி. மற்ற நான்கு பேரும் படிக்காமலேயே கட்டைவிரலை உயர்த்திவிடுவார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய கருத்து, வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் புது நிரல் எதையும் வெளியே விடக் கூடாது, பிழை வந்தால் திருத்த ஆள் இருக்காது என்பது. அதைச் சுவரில் ஒட்டியே வைத்திருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை மூன்றேகால் மணிக்கு வெளியே விட்டது யார் என்றால், நான்தான். மறுநாள் ஏரியில் ஐஸைத் துளைத்து மீன் பிடிக்கப் போக வேண்டும், திங்கட்கிழமைக்கு வேலை மிச்சம் இருக்கக் கூடாது என்று ஒரு பேராசை. ஊருக்குத்தானே உபதேசம்.

தண்டர் பே ஊரில் கால்நடை மருத்துவர்களுக்கு மென்பொருள் எழுதுவது எங்கள் பிழைப்பு. நாய்க்கு ஊசி போடும் நாள், பூனைக்குப் பிறந்தநாள் எல்லாம் அதுவே உரிமையாளருக்கு எழுதிவிடும். டாக்டர் பெவர்லி கோஸ்கி புதிதாக ஒன்று கேட்டார்: வளர்ப்புப் பிராணி இறந்தால் ஓர் இரங்கல் கடிதம் போக வேண்டும். கடிதத்தை நானே எழுதினேன். நன்றாகவே வந்தது. ‘இறந்தவற்றுக்கு மட்டும்’ என்று ஒரு நிபந்தனையும் வைத்தேன்.

சோதித்தால் கடிதம் போகவில்லை. எங்கள் சோதனைப் பட்டியலில் எல்லாப் பிராணிகளும் சௌக்கியமாக இருந்தன. எனவே நிபந்தனையைப் பத்து நிமிடத்துக்கு எடுத்துவிட்டேன். கடிதம் ஜோராகப் போனது. அந்தச் சந்தோஷத்தில் போய் காபி குடித்துவிட்டு வந்து, நிபந்தனையைத் திரும்ப வைக்காமல் அப்படியே வெளியே விட்டுவிட்டேன்.

முன்னூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு இழவுச் செய்தி போனது. ஒருவர் காகித ஆலை வேலையைப் பாதியில் விட்டு அழுதுகொண்டே வீட்டுக்குக் காரை ஓட்டிப் போயிருக்கிறார். அவர் நாய் சோபாவில் உட்கார்ந்து அவருடைய கையுறையைத் தின்றுகொண்டிருந்ததாம். இன்னொருவர், “என் ஆமை நிஜமாவே செத்துடுச்சா, இல்ல தூங்குதா? எப்படிய்யா கண்டுபிடிக்கிறது?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

முதலாளி லோர்ன் என் மேஜைக்கு வந்தார். முகம் வெளியே கிடந்த பனியைவிட வெளுத்திருந்தது.

“கார்த், டாக்டரம்மா என்ன சொல்றாங்க தெரியுமா? ஒருத்தராவது வேற டாக்டர்கிட்ட போனா, அவங்க வேற கம்பெனிக்குப் போயிடுவாங்களாம்.”

“போனா?”

“நீயும் வேற கம்பெனிக்குப் போகலாம். இந்தா லிஸ்ட். ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு மன்னிப்புக் கேளு. சுவத்துல ஒட்டியிருக்கியே, அதையும் படிச்சுக் காட்டு.”

சனிக்கிழமை மீன்கள் தப்பித்தன. முன்னூற்றுப் பதினோரு பேரிடம் திட்டு வாங்கினேன், ஆனால் யாரும் போகிறேன் என்று சொல்லவில்லை. கடைசிப் பெயர் ஐலா நீமி.

“மன்னிச்சிடுங்கம்மா, உங்க பூனை பிஸ்கட் பத்தி வந்த கடிதம் தப்பு...”

“என்ன தப்பு?”

“பிஸ்கட் செத்துப்போச்சுன்னு...”

“செத்துத்தான்ப்பா போச்சு. போன மார்ச்சுல. பதினேழு வயசு அதுக்கு.”

அந்த அம்மா நிறுத்தவில்லை.

“நாலு தடவ போன் பண்ணிச் சொன்னேன். மாத்திடறோம்மா, மாத்திடறோம்மான்னாங்க. அப்புறமும் ஊசி போட வா பிஸ்கட், பல்லு காட்ட வா பிஸ்கட்னு மாசாமாசம் வந்துக்கிட்டே இருக்கு. போன வாரம் பிறந்தநாள் வாழ்த்து வேற. உக்காந்து அழுதேன். புதுசா ஒரு குட்டி வாங்கியிருக்கேன், அதை அந்தப் படுபாவிங்ககிட்ட காட்டவே கூடாதுன்னு வேற எடத்துல நாள் கேட்டு வச்சிருந்தேன்.”

“இப்போங்கம்மா?”

“அதான் நேத்து எழுதிட்டீங்களே. அச்சடிச்சு எடுத்து வச்சிருக்கேன். குட்டிய அங்கேயே கொண்டுவரேன்னு சொல்லு. யாருப்பா எழுதினது?”

“நான்தாங்க.”

“நல்லா எழுதியிருக்க. இனிமே தப்புன்னு சொல்லாத.”

போனை வைத்ததும் லோர்ன் எட்டிப் பார்த்தார்.

“எத்தனை பேர் போறாங்க?”

“யாரும் போகலை. ஒருத்தர் திரும்பி வராங்க.”

அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு போன பிறகு நீமி அம்மாவின் பதிவைத் திறந்தேன். பிஸ்கட், பூனை, உயிருடன் என்றிருந்தது. என் நிரல் பிழையில்லாமல் ஓடியிருந்தால், உண்மையாகவே கடிதம் தேவைப்பட்ட இவருக்கு அது போயே இருக்காது. அடுத்த வருடமும் பிறந்தநாள் வாழ்த்துதான் போயிருக்கும். வெட்கமாக இருந்தது. ‘உயிருடன்’ என்பதை என் கையாலேயே அழித்தேன்.